பட்டியல் வேறு, கிடங்கு வேறு: மென்பொருள் பதிவகங்கள் ஏன் இப்படிப் பிரிக்கப்படுகின்றன?

2016 மார்ச் 22. உலகம் முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமர்களின் திரையில் திடீரென 404 பிழை. காரணம், 'லெஃப்ட்-பேட்' என்ற வெறும் 11 வரி நிரல். தொகுப்பு ஒன்றின் பெயர் யாருக்கு என்ற தகராறில், அதன் ஆசிரியர் அஸர் கோச்சுலு என்.பி.எம் பதிவகத்தில் இருந்த தனது 270-க்கும் மேற்பட்ட தொகுப்புகளை மொத்தமாக நீக்கிவிட்டார். லெஃப்ட்-பேட் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட, பேபல் போன்ற கருவிகள் வழியாக அதை நம்பி இருந்தார்கள். சில மணி நேரத்தில் என்.பி.எம் அதை மீட்டு வைத்தது. அதன் பிறகு நீக்குவதற்கான விதிகளையும் கடுமையாக்கியது.

பதிவகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

இரண்டு விஷயங்கள். ஒன்று, நிரல் அடங்கிய கோப்பு. இன்னொன்று, அந்தக் கோப்பைப் பற்றிய குறிப்பு: பெயர், பதிப்பு எண், வேறு எந்தத் தொகுப்புகள் தேவை என்ற விவரம். இதைத்தான் மெட்டாடேட்டா என்கிறார்கள். வீடு வாங்குபவர் முதலில் வில்லங்கச் சான்றிதழைப் பார்ப்பார், பத்திர நகல் எல்லாம் அப்புறம்தான் இல்லையா? அதே மாதிரிதான் இதுவும்.

ரஸ்ட் மொழியின் கிரேட்ஸ்.ஐஓ பதிவகம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே பட்டியல் தனி, கோப்புகள் தனி. பட்டியலில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வரி. அந்த வரியில் கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 கைரேகையும் இருக்கும். கோப்பு எந்த சர்வரிலிருந்து வந்தாலும், கைரேகை பொருந்தவில்லை என்றால் ஏற்கப்படாது.

ஒரு பதிப்பில் கோளாறு என்றால் ஆசிரியர் அதை 'யாங்க்' செய்யலாம். அப்போது பட்டியலில் அந்த வரியில் ஒரு குறி மாறும், அவ்வளவுதான். கோப்பு அப்படியே இருக்கும். புதிய திட்டங்கள் அந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுக்காது. ஏற்கெனவே பூட்டுக் கோப்பில் குறித்து வைத்தவர்களுக்கு அது தொடர்ந்து கிடைக்கும். லெஃப்ட்-பேட் மாதிரியான விபத்துக்கு இங்கே வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கடவுச்சொல்லோ ரகசியச் சாவியோ தவறிப்போய் உள்ளே சேர்ந்துவிட்டால் யாங்க் காப்பாற்றாது. சாவியையே மாற்றியாக வேண்டும்.

பிரித்து வைத்ததில் இன்னொரு லாபமும் உண்டு. முதலில் இந்தப் பட்டியல் முழுவதும் ஒரு கிட் களஞ்சியமாக இருந்தது. தொகுப்புகள் பெருகப் பெருக, ஒரு சின்ன நிரலுக்குக்கூட மொத்தப் பட்டியலையும் இறக்க வேண்டிய நிலை. 2023 மார்ச்சில் வந்த ரஸ்ட் 1.68 பதிப்பு முதல், தேவையான வரிகளை மட்டும் கேட்டு வாங்கும் முறை வந்தது. கிடங்கில் இருந்த கோப்புகளைத் தொடவே இல்லை.

இரண்டும் முரண்பட்டால்?

இந்த அமைப்பின் பலவீனமான இடம் இதுதான். என்.பி.எம்-இல் முன்பு பணியாற்றிய பொறியாளர் ஒருவர் 2023 ஜூனில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். தொகுப்பை ஏற்றும்போது தனியாகக் கொடுக்கப்படும் மெட்டாடேட்டாவும், கோப்புக்குள்ளே இருக்கும் விவரமும் ஒன்றுதானா என்று பதிவகம் சரிபார்ப்பதே இல்லை. அதாவது, வெளிப் பட்டியலில் சுத்தமாகக் காட்டிக்கொண்டு, உள்ளே வேறு சார்புகளையும், நிறுவும்போது ஓடும் நிரலையும் மறைக்க முடியும். பட்டியலை மட்டும் பார்க்கும் பாதுகாப்புக் கருவிக்கு எதுவுமே தெரியாது.

பைத்தானின் பைபிஐ பதிவகமும் அதே 2023-ல் மெட்டாடேட்டாவைத் தனிக் கோப்பாக வழங்கத் தொடங்கியது. அதற்கு முன், சார்புகளைத் தெரிந்துகொள்ளவே பெரிய கோப்பை இறக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த விவரத்தைப் பைபிஐ ஆசிரியரிடம் தனியாகக் கேட்டு வாங்குவதில்லை. ஏற்றப்பட்ட தொகுப்பைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தானே எடுத்து வைக்கிறது.