சிறையில்லா நாட்டில் ஒரு மரண தண்டனைக் கைதி

ஐஸ்லாந்தில் கடைசியாக நிறைவேற்றப்பட்ட மரண தண்டனையைப் பொருளாகக் கொண்டு ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஹன்னா கென்ட் 2013-இல் வெளியிட்ட 'பரியல் ரைட்ஸ்' என்னும் வரலாற்று நாவலில், கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஆக்னெஸ் மக்னூஸ்டோட்டிர், ஒரு குடியானவர் வீட்டில் அவ்வீட்டுப் பெண்களோடு சேர்ந்து உழைத்துக்கொண்டே தம் கடைசி மாதங்களைக் கழிக்கிறார். நாவலாசிரியரின் கற்பனையாகவே தோன்றக்கூடிய இந்த ஏற்பாடு உண்மையில் அக்கால நிர்வாகம் செய்தது.

அன்று டென்மார்க் அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஐஸ்லாந்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் ரெய்க்யவிக்கில் கல்லால் கட்டப்பட்ட ஒரே சிறைச்சாலையும், நெப்போலியன் காலப் போர்கள் கொணர்ந்த தட்டுப்பாட்டுக்குப் பின் 1816-இல் மூடப்பட்டுவிட்டது. (அதே கட்டடத்தில்தான் இப்போது அந்நாட்டுப் பிரதமரின் அலுவலகம் இயங்குகிறது.) ஆகவே மேல்முறையீடு கடல் கடந்து கோபன்ஹேகன் உச்ச நீதிமன்றம் வரை சென்று திரும்பும்வரை, கைதிகளை மாவட்டத்துப் பண்ணைவீடுகளில் ஒப்படைப்பதைத் தவிர அதிகாரிகளுக்கு வேறு வழியில்லை; ஆக்னெஸ் இறுதியாகக் காவலில் இருந்தது, அவர் பிறந்த வாத்ன்ஸ்தாலுர் பள்ளத்தாக்கிலேயே உள்ள கோர்ன்சௌ பண்ணையில்.

அத்தகைய பண்ணைவீட்டில் கைதிக்கெனத் தனியறை ஒதுக்க இடமிருந்ததில்லை. மரம் அரிதாகிப்போன நாட்டில் புல்வேரோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்பிய அவ்வீடுகளின் நடுவே 'பாத்ஸ்தோவா' எனப்பட்ட ஒரே நீண்ட அறை இருக்கும். சுவரோரக் கட்டில்களில் முதலாளி குடும்பமும் வேலையாட்களும் பெரும்பாலும் இருவர் இருவராகப் படுப்பதும், குளிர்கால இரவுகளில் விளக்கொளியில் கம்பளி நூற்பதும் பின்னுவதும், அவ்வேளையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பதும் எல்லாம் அந்த அறையில்தான். சொந்தமாகவோ குத்தகைக்கோ நிலமில்லாதவர் எவரும் ஏதேனும் ஒரு பண்ணையில் ஆண்டு ஒப்பந்தத்தில் வேலையாளாகப் பதிந்திருக்க வேண்டும் என்ற 'விஸ்டார்பாண்ட்' சட்டத்தின்கீழ் வீடு வீடாக மாறி வாழ்ந்த பணிப்பெண் ஆக்னெஸ். சிறைவாசம் என்ற பெயரில் அவருக்குக் கிடைத்தது அவர் முன்பே அறிந்திருந்த வாழ்க்கைதான் என்பதைக் கென்ட் கண்டுகொண்டதே இந்நாவலின் பலம்.

குற்றம் நிகழ்ந்தது 1828 மார்ச் 13-க்கும் 14-க்கும் இடைப்பட்ட இரவில். வடக்குக் கடற்கரையில் உள்ள இல்லுகாஸ்தாதிர் பண்ணையில், நாட்டு வைத்தியராகவும் அறியப்பட்ட நாத்தன் கெட்டில்சனும் அவரிடம் தங்கியிருந்த பியேத்துர் யோன்சனும் கொல்லப்பட்டனர். தடயத்தை மறைக்க வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. நாத்தனின் பணிப்பெண்கள் ஆக்னெஸ், சிக்ரிதுர் ஆகிய இருவருக்கும், அண்டைப் பண்ணை இளைஞன் ஃப்ரித்ரிக் சிகுர்த்சனுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

கைதிகளைக் கோபன்ஹேகனுக்கு அனுப்பித் தண்டனையை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் உள்ளூர் மக்கள் கண்டு அஞ்ச வேண்டும் என்பது மாவட்ட ஆட்சியரும் நீதிபதியுமாக இருந்த ப்யோர்ன் ப்ளோண்டாலின் நோக்கம். கோடரி டென்மார்க்கிலிருந்து தருவிக்கப்பட்டது. வெட்டும் பொறுப்பைக் கொலையுண்ட நாத்தனின் உடன்பிறந்தவரான குத்முந்துர் ஏற்றார். பழிவாங்கலிலிருந்து தண்டனையைப் பிரித்தெடுப்பதற்காகவே நீதிமன்றங்கள் தோன்றின என்று நம்புவோருக்கு இந்நியமனம் உறுத்தலாகவே இருக்கும். 1830 ஜனவரி 12 அன்று, வரவழைக்கப்பட்ட விவசாயிகள் ஏறத்தாழ 150 பேர் முன்னிலையில், முதலில் ஃப்ரித்ரிக்கும் பின்னர் 34 வயது ஆக்னெஸும் தலை வெட்டப்பட்டனர். கழிகளில் குத்தி நிறுத்திய தலைகள் யாராலோ அகற்றப்பட்டன. எஞ்சிய எலும்புகள் 1934-இல்தான் த்யோர்ன் தேவாலயக் கல்லறைக்கு மாற்றப்பட்டன. அக்கோடரி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

யார் எப்போது எதைச் செய்தார் என்பதை விசாரணை ஏடுகள் நுணுக்கமாகக் கேட்டிருப்பினும், ஏன் என்பதில் அவை அவ்வளவு அக்கறை காட்டவில்லை. அந்த இடைவெளியில்தான் கென்ட் தம் ஆக்னெஸைப் பேசவைக்கிறார். 2017-இல் இன்றைய சட்டப்படி ஒரு மாதிரி நீதிமன்றத்தை அமைத்து வழக்கை மீண்டும் ஆராய்ந்த மூன்று நீதிபதிகளும் ஆக்னெஸைக் குற்றமற்றவர் என விடுவிக்கவில்லை, 14 ஆண்டுச் சிறை என்றே முடிவுசெய்தனர். சிக்ரிதுரின் மரண தண்டனையோ அக்காலத்திலேயே ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு அவர் டென்மார்க் சிறைக்கு அனுப்பப்பட்டார். அதற்குப் பிந்திய அவர் வாழ்வை நாவல் பின்தொடரவில்லை.