பத்து டாலர் கூலியும் தொண்டும்

"சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதெல்லாம் போராட்டமா?" களத்தில் நிற்கும் நாம் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறோம். இலவசமாக உழைப்பவரே உண்மைத் தொண்டர், கூலி வாங்குபவர் வெறும் ஊழியர் என்பதுதான் இதன் உட்பொருள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமைப் போராட்ட வரலாறு இதை மறுக்கிறது.

1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பர்களில் 100க்கு 7 பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பதியப் போனால் வேலை போகும், வீடு போகும், உயிரும் போகலாம். பருத்திப் பண்ணையில் 18 ஆண்டுகள் உழைத்த ஃபேனி லூ ஹேமர், 1962 ஆகஸ்ட் 31 அன்று பதியப் போனார். அன்றே பண்ணையிலிருந்து விரட்டப்பட்டார். பின்னர் 'ஸ்னிக்' என்ற மாணவர் இயக்கத்தின் களச் செயலாளரானார்.

களச் செயலாளருக்கு வாரம் 10 டாலர்; வரி போகக் கையில் 9.64. அதுவும் ஒழுங்காக வராது. இதைப் பிழைப்பு என்று யார் சொல்வார்? ஆனால் அந்தச் சொற்பக் கூலியும் இல்லையென்றால், ஊரையும் மக்களையும் அறிந்த ஏழைகள் முழுநேரமும் களத்தில் நின்றிருக்க முடியாது.

1964 கோடையில் ஏறத்தாழ 1,000 தன்னார்வலர்கள் வந்தனர். பெரும்பாலோர் வடமாநிலங்களின் வெள்ளையின மாணவர்கள். தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டனர். கைதானால் பிணைக்கென்று 500 டாலர் கொண்டுவரவும் சொல்லப்பட்டது. அது ஒரு களச் செயலாளரின் ஏறத்தாழ ஓராண்டுக் கூலி! ஆக, இலவசமாக உழைக்கவும் வசதி வேண்டியிருந்தது. படித்த வெளியூர்க்காரர்கள் வந்தால் உள்ளூர்த் தலைமை பின்னுக்குப் போய்விடும் என்று 1963 நவம்பரில் கிரீன்வில் நகரில் நடந்த கூட்டத்திலேயே களச் செயலாளர்கள் பலர் அஞ்சினர்.

அந்த மாணவர்களின் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. 1964 ஜூன் 21 அன்று கொல்லப்பட்ட மூவரில் ஆண்ட்ரூ குட்மேன் தன்னார்வலர். ஜேம்ஸ் சேனி உள்ளூர்க் கறுப்பின இளைஞர், மைக்கேல் ஷ்வெர்னர் இயக்க ஊழியர். மூவரையும் ஒரே மண் அணைக்குள் புதைத்தார்கள். துப்பாக்கி சம்பளப் பட்டியலைப் பார்த்துச் சுடவில்லை. ஆனால் கோடை முடிந்ததும் பெரும்பாலான மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பினர். ஹேமர் போன்றோருக்கு அதுதான் ஊர், அதுதான் களம்.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்தப் பணி யார் செலவில் நடக்கிறது? பணியாளர் யாருக்குப் பதில் சொல்கிறார், பணம் கொடுத்தவருக்கா, மக்களுக்கா? 'சேவை மனப்பான்மை' என்று சொல்லி, சேரிப் பெண்ணை ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வரச் சொல்கிறோமே, அன்று இயக்கத்துக்கு நன்கொடை கொடுப்பவர் அவர்தான். அவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்று நினைப்பது தொண்டுக்கு இழுக்கல்ல.