குதிரை எது?

பெரியவர் பேச்சில் குதிரை இரண்டு தடவை வந்தது. "மொதல்ல குதிரையப் பின்னால இழுத்து நிறுத்தணும் தம்பி. பெறகு குறி பாத்துக் குதிரைய அமுக்கணும்."

அலங்காநல்லூருக்கு நான் போனது ஜல்லிக்கட்டுக் கதை கேட்க. கிடைத்தது, கரும்புக் காட்டில் பன்றி விரட்ட அவருடைய ஐயா வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியின் கதை. துப்பாக்கி எப்போதோ காவல் நிலையத்துக்குப் போய்விட்டது. சொல் மட்டும் மிச்சம். பின்னால் இழுப்பது, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைத் தட்டும் சுத்தியல். அமுக்குவது, அடியில் விரல் படும் விசை. இரண்டுக்கும் ஒரே பெயரா? வயதான ஆள் குழப்பிக்கொள்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அகராதியைப் புரட்டினேன். குதிரைக்குத் துப்பாக்கியின் உறுப்பு என்றும் பொருள் உண்டு. சரி, எந்த உறுப்பு? துப்பறியும் நாவல்களில் வில்லன் அழுத்துவது விசையைத்தான். ஆனால் சாய்ந்து நின்று பாய்வது சுத்தியல். குதிரை என்ற பெயர் அதற்கல்லவா பொருந்தும்? ஆங்கிலேயருக்கு அது சேவல், பிரெஞ்சுக்காரருக்கு நாய். ஸ்பானியர் விசைக்கே பூனைக்குட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தாளில் தீராததை இரும்பில் தேடலாம் என்றால், மதுரைப் பக்கம் இரும்பு ஏது? மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் கிளைவ் பிரபுவின் பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையில் இருந்தவற்றிலும் பெரும்பகுதி 1860களில் பழைய இரும்பாக விலைபோனது. நல்லவேளையாக, பொறுக்கி எடுத்த சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன.

அந்தக் காலத்து நம் திரித் துப்பாக்கியில் சுத்தியலே கிடையாது. கட்டையின் பிளவிலிருந்து ஒரு கவ்வி எட்டிப் பார்க்கும். எரியும் திரி அதன் வாயில் இருக்கும். அடியில் தகடாக விசை. இரண்டையும் கட்டைக்குள் ஒரு நெம்பு இணைக்கிறது. விசையை மெல்ல அமுக்கினால் திரி மெல்ல முன்னே சாய்ந்து, பற்றவைக்கும் மருந்தான ரஞ்சகத்தைத் தொடும்; அமுக்குவதை நிறுத்தினால் தொடாது. இடையில் வில்லும் இல்லை, கொக்கியும் இல்லை. 1543இல் போர்த்துகீசியர் வழியாக ஜப்பானின் தனேகஷிமா தீவுக்குப் போன துப்பாக்கியின் கதை வேறு. அதில் வில்லின் அழுத்தத்தைக் கொக்கி பிடித்து நிற்கும்; விரல் பட்டதும் திரி பாயும். விரலுக்கு லேசு, குறியும் கலையாது. ஆனால் மோதும் வேகத்தில் திரி அணைந்துபோகவும் கூடும். நம் கொல்லர்கள் நிதானத்தைத் தேர்ந்ததில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

சிக்கிமுக்கிக் கல்லும் அதன்பின் கேப்பும் வந்தபோதுதான் வேலை இரண்டாகப் பிரிந்தது. சுத்தியல் வில்லோடு சேர்ந்தது. விசை அதை விடுவிக்கும் ஆளானது. குதிரை என்ற பழைய பெயர் இரண்டிலும் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். தமிழின் தனிச்சொத்து என்று மார்தட்டவும் வழியில்லை: இந்தியிலும் இரண்டுமே 'கோடா', அதாவது குதிரை. பாளையத்துக்குப் பாளையம் கூலிக்குப் போன சிப்பாய்களோடு சொல்லும் நடந்திருக்கலாம்.

எப்படியானாலும், பெரியவர் குழப்பவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் கொல்லுப்பட்டறைக் கணக்கு நோட்டோ, தாத்தா பெயரில் பழைய துப்பாக்கி லைசென்ஸோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் 'குதிரை பழுது' என்று ஒரு வரி இருந்தாலும் போதும். எந்தக் குதிரைக்கு எவ்வளவு கூலி என்று பார்த்துச் சொல்லுங்கள்.