நிலவும் புவியும்: அளவு, வயது ஒப்பீடு

நிலவு, புவியின் ஒரே இயற்கைத் துணைக்கோள். விட்டத்தில் புவியின் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே பெரியது. வயதில் சில கோடி ஆண்டுகள் இளையது. அளவைப் பண்டை அறிஞர்கள் கிரகண நிழலைக் கொண்டே ஏறக்குறையக் கணித்துவிட்டனர். வயதை அறிய நிலவின் கல்லே மனிதர் கைக்கு வரவேண்டியிருந்தது.

திருக்கடையூர் மரபு

நிலவின் வயதை அறியும் முன்பே, மனித வயதை நிலவோடு இணைத்துப் பார்க்கும் மரபு தமிழகத்தில் இருந்தது. மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூர், நிலவோடும் ஆயுளோடும் ஒருங்கே பிணைந்த தலம். தஞ்சையை முதலாம் சரபோஜி (1712–1728) ஆண்ட காலத்தில், தை அமாவாசையன்று திதி என்னவென்று மன்னர் கேட்க, அபிராமி பட்டர் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். அவர் அந்தாதி பாட, அபிராமி அம்மை தன் தாடங்கத்தை வானில் வீசி முழுநிலவைக் காட்டினாள் என்பது தலவரலாறு. காலனை ஈசன் உதைத்த வீரட்டானமும் இதுவே. ஆதலால் அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் குடும்பங்கள் இங்கே வருகின்றன. சதாபிஷேகம் காண்பவரை ‘ஆயிரம் பிறை கண்டவர்’ என்பர். ஒரு முழுநிலவிலிருந்து அடுத்ததற்கு 29.53 நாள்; ஆயிரத்துக்கு 29,530 நாள், அதாவது ஏறத்தாழ 80 ஆண்டு 10 மாதம். மனித ஆயுளை நிலவால் அளந்த வழக்கம் இது.

அளவு

சந்திர கிரகணத்தில் நிலவின் மேல் விழுவது புவியின் நிழல். அந்த நிழலின் அகலத்தை நிலவோடு ஒப்பிட்டால் இரண்டின் அளவும் பிடிபடும். கிரேக்கத்தில் அரிசுட்டார்க்கசு கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இவ்வழியே நிலவின் விட்டம் புவியினதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்றார். கி.பி. 499இல் எழுந்த ஆரியபட்டீயம் புவிக்கு 1,050 யோசனையும் நிலவுக்கு 315 யோசனையும் விட்டம் கூறுகிறது. விகிதம் 0.30. இன்று அறிந்த விகிதம் 0.27.

கிரகணக் கணிதம் தமிழ் மண்ணிலும் தழைத்தது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டு 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். தொடக்க நேரம் சில நிமிடமே பிசகியது.

நிலவின் விட்டம் 3,474 கி.மீ., புவியின் விட்டம் 12,742 கி.மீ. கன அளவில் சுமார் 49 நிலவுகள் புவிக்குள் அடங்கும். நிறையிலோ 81 நிலவுகள் சேர்ந்தால்தான் ஒரு புவிக்கு ஈடாகும். புவியின் நடுவே பெரிய இரும்பு உள்ளகம் இருக்க, நிலவின் உள்ளகம் மிகச் சிறியதாக இருப்பதே முதன்மைக் காரணம்.

வயது

1956இல் கிளேர் பாட்டர்சன், விண்கற்களில் உள்ள ஈயத்தை ஆராய்ந்து புவியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்றார். 1969 முதல் 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்கள் 382 கிலோ நிலவுக் கல்லும் மண்ணும் கொண்டுவந்தன. அவற்றிலிருந்து பிறந்ததே பெருமோதல் கொள்கை: இளம் புவியின் மீது செவ்வாய் அளவுள்ள கோள் ஒன்று மோத, சிதறிய பொருள் திரண்டு நிலவானது. அப்பல்லோ-14 கொணர்ந்த சிர்கான் மணிகளை ஆராய்ந்தவர்கள் 2017இல் நிலவின் வயது 451 கோடி ஆண்டு என்றனர். வேறு சில ஆய்வுகள் இன்னும் குறைவாகச் சொல்கின்றன.

உருகிய நிலவு ஆறியபோது எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து வெண்ணிற அனார்தோசைட் பாறையாக இறுகின. அப்பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் உண்டு. அதை அரைத்து இஸ்ரோ, சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண் போன்ற மண் செய்தது. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவத்துக்கு அருகில் இறங்கியது. அதன் பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணும் அனார்தோசைட் வகையே என 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. நிலவு ஒருகாலத்தில் பாறைக்குழம்புக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

அளவும் வயதும்

அளவே வயதைக் காத்தது. சிறிய நிலவு விரைவில் குளிர்ந்து இறுகியதால் அதன் ஆதி மேலோடு பெருமளவு அப்படியே நிற்கிறது. பெரிய புவியின் உள்வெப்பம் இன்றும் கண்டத் தட்டுகளை நகர்த்திப் பழம்பாறைகளை விழுங்குகிறது. இங்கே மிகப் பழைய பாறைகள் 400 கோடி ஆண்டு அளவினவே. அதற்கு முந்தைய தன் வரலாற்றுக்குப் புவி, தன்னைவிட இளைய நிலவையே பெரிதும் சாட்சியாக நம்பியிருக்கிறது.