வெள்ளோட்டம் காணாத தேர்: ஃபிகர் ஸ்கேட்டிங்கில் பருவத் தொடக்கப் போட்டிகளைத் தவிர்ப்பது பற்றி

2011 ஏப்ரல் இறுதியில் மாஸ்கோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் தென் கொரியாவின் கிம் யூ-நா பனித்தளத்தில் இறங்கியபோது, அவர் கடைசியாகப் போட்டியிட்டு 13 மாதங்கள் ஆகியிருந்தன. 2010 பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக்கில் 228.56 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றவர் அவர். அடுத்த மாதமே தூரினில் நடந்த உலகப் போட்டியில் சோர்ந்த மனத்தோடு ஆடி வெள்ளி பெற்றார். அதன்பின் இலையுதிர் காலத்து கிராண்ட் பிரீ தொடர் முழுவதையும் விட்டார். பிப்ரவரியின் நான்கு கண்டப் போட்டியையும் விட்டார். நேராக மாஸ்கோ. கையில் இரண்டு புதிய நிகழ்ச்சிகள்: குறுநிகழ்ச்சிக்கு 'ஜிசெல்', நெடுநிகழ்ச்சிக்கு அரிராங் நாட்டுப்பாடல் மெட்டை அடித்தளமாகக் கொண்ட 'கொரியாவுக்கு வணக்கம்'. இரண்டையும் எந்தச் சர்வதேச நடுவர் குழுவும் அதுவரை மதிப்பிட்டதில்லை. முடிவில் ஜப்பானின் ஆண்டோ மிகி 195.79, கிம் 194.50.

இந்த 1.29 புள்ளியைச் சுற்றி எழுந்த விவாதம் பழகிய தடத்திலேயே சென்றது. ஓய்வு தேவைப்பட்டது, எடுத்தார் என்றது ஒரு தரப்பு. போட்டியில்லாமல் துருப்பிடித்துவிட்டார் என்றது மறுதரப்பு. இரு தரப்பும் ஆட்டக்காரரின் உடலையும் நரம்பையும் மட்டுமே பார்த்தன. கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது என்பது என் வாதம். பருவத் தொடக்கப் போட்டி ஒரு ஸ்கேட்டருக்குத் தருவதில் நிலைத்து நிற்கும் பொருள் தகவல் ஒன்றே. போட்டிச் சூடு அக்டோபரில் ஏறினாலும் மார்ச்சுக்குள் ஆறிவிடும், தகவல் ஆறாது. ஆகவே போட்டிகளைத் தவிர்ப்பவரை 'எத்தனை போட்டியை விட்டார்' என்று அளக்கக் கூடாது. சோதிக்கப்படாத எதையெல்லாம் சாம்பியன்ஷிப்புக்குச் சுமந்துவந்தார் என்று அளக்க வேண்டும்.

(சொல் பற்றி ஒரு குறிப்பு. நம் நாளிதழ்கள் 'பனிச்சறுக்கு' என்ற ஒரே சொல்லை மலைச்சரிவில் சறுக்குவதற்கும் பனித்தளத்தில் ஆடுவதற்கும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. குழப்பம் தவிர்க்க இங்கே ஃபிகர் ஸ்கேட்டிங் என்றே எழுதுகிறேன்.)

பருவத் தொடக்கப் போட்டி தரும் அந்தத் தகவல் எது? கிராண்ட் பிரீ என்பது அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஆறு நாடுகளில் நடக்கும் தொடர். ஒருவர் அதிகபட்சம் இரண்டில் ஆடலாம். முதல் ஆறு இடத்தினர் டிசம்பர் இறுதிச் சுற்றுக்குச் செல்வர். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் மதிப்பெண் விவரத்தாள் வெளியாகும். ஒரு தாவலில் சுழற்சி முழுமையாக இருந்ததா, லட்ஸ் தாவலுக்குக் கத்தியின் சரியான விளிம்பிலிருந்து எழுந்தாரா, நடைவரிசைக்கு எந்த நிலை கிடைத்தது, சுழலின் எந்த அம்சம் கணக்கில் ஏறவில்லை என எல்லாம் அதில் இருக்கும். நிலைகளைத் தீர்மானிப்பது நடுவர்கள் அல்ல, தனியே அமரும் தொழில்நுட்பக் குழு. அதற்கான அளவுகோல்களைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் ஆண்டுதோறும் திருத்துகிறது. பயிற்சியாளர் எத்தனை கூர்மையானவராயினும், தம் மாணவியின் சுழலுக்கு நான்காம் நிலை உறுதி என்று பயிற்சிக் கூடத்தில் நின்று சொல்ல முடியாது. புதிதாகச் செய்த தேருக்கு வெள்ளோட்டம் விடுவது எந்த முனையில் சக்கரம் முட்டுகிறது என்று அறியத்தான்.

அமெரிக்காவின் மிஷேல் குவானின் கடைசி ஆண்டுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2002-03 பருவத்தில் அவர் கிராண்ட் பிரீயில் ஸ்கேட் அமெரிக்கா ஒன்றில் மட்டும், அதுவும் மாற்று ஆளாகக் கடைசி நேரத்தில் ஆடினார். வாஷிங்டனில் ஐந்தாவது உலகப் பட்டத்தை வென்றார். அடுத்த இரு பருவங்களில் கிராண்ட் பிரீ பக்கமே போகவில்லை. 2004-இல் டோர்ட்முண்டில் வெண்கலம். 2005-இல் மாஸ்கோவில் நான்காம் இடம். வெண்கலம் ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் கைநழுவியது.

வயது, காயம் என்று எளிதாகக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் இடையில் விளையாட்டின் கணக்குமுறையே மாறியிருந்தது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் ஜோடிப் பிரிவு ஊழலுக்குப் பின், 6.0 என்ற பழைய மதிப்பெண் முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு கூறுக்கும் தனிப்புள்ளி தரும் முறை வந்தது. கிராண்ட் பிரீயில் அது 2003-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. உலகப் போட்டியில் அது முதன்முதல் வந்தது 2005-இல். மற்ற முன்னணி வீராங்கனைகள் இரண்டு இலையுதிர் காலங்களாக அந்த முறைக்குப் பழகியிருந்தார்கள். குவான் அதன்கீழ் ஆடிய முதல் போட்டியே உலக சாம்பியன்ஷிப். பழைய முறையில் நடுவர் ஆட்டக்காரர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தினார். அங்கே பெயரும் புகழும் ஓரளவு துணை நின்றன. புதிய முறையில் சுழலில் ஒரு நிலை குறைந்தால் குறைந்ததுதான், ஆடியவர் யாராயினும். தவிர்த்தலின் விலை ஏறியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

மீண்டும் 2011-க்கு வருவோம். கிம்மின் நிலையில் புதியவை நிகழ்ச்சிகள் மட்டுமல்ல. வான்கூவர் வெற்றிக்கு வழிநடத்திய பிரையன் ஓர்சரை 2010 ஆகஸ்டில் பிரிந்து, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பீட்டர் ஓப்பெகார்டிடம் சேர்ந்திருந்தார். ஆக, புதிய பயிற்சியாளர், புதிய களம், புதிய இசை. போட்டி நாளும் மாறியது. மார்ச்சில் டோக்கியோவில் நடக்கவேண்டிய சாம்பியன்ஷிப், மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பின் மாஸ்கோவுக்கு மாற்றப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனது. தள்ளிவைப்பு எல்லோருக்கும் பொதுதான். ஆனால் ஒற்றை நாளைக் குறிவைத்து உடலைத் தீட்டியவருக்கும், அந்தப் பருவத்தில் ஐந்து போட்டிகளைக் கண்டிருந்த ஆண்டோவுக்கும் அது ஒரே அளவு வலிக்காது. ஆண்டோ அந்தப் பருவத்தில் சீனா, ரஷ்யா இரண்டு கிராண்ட் பிரீ போட்டிகளிலும் தங்கம் வென்றார். இறுதிச் சுற்றில் ஐந்தாவது இடத்துக்குச் சறுக்கினார்; திருத்திக்கொண்டு தேசியப் பட்டத்தையும் நான்கு கண்டப் பட்டத்தையும் எடுத்தார்.

குறுநிகழ்ச்சியின் தொடக்கத்தில் கிம் தம் அடையாளமான லட்ஸ் தாவலில் இறங்கும்போது தடுமாறினார். அதனோடு ஒட்டவேண்டிய மூன்று சுழற்சி டோ தாவல் நழுவியது. பின்னால் வந்த ஃபிளிப் தாவலோடு இரண்டு சுழற்சி டோ தாவலை இணைத்துச் சமாளித்தார். இந்தச் சமயோசிதம் பாராட்டப்பட்டது, நியாயந்தான். ஆனால் அந்த இரு டோ தாவல்களின் அடிப்படை மதிப்பு வித்தியாசம் மட்டுமே இரண்டு புள்ளிக்கு மேல். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்ததைவிட அதிகம். இந்தத் தடுமாற்றத்தை என் வாதத்துக்குச் சாட்சியாக அழைக்க நான் விரும்பவில்லை. லட்ஸில் கால் இடறுவது எந்த வாரமும் எவருக்கும் நேரும். நான் சுட்டுவது வேறு: இரு நிகழ்ச்சிகளிலும் எந்தக் கூறு எத்தனை புள்ளி தரும் என்பதை கிம்மும் அவருடைய குழுவும் உலகப் போட்டியின் விவரத்தாளில்தான் முதன்முதலில் படித்தார்கள். திருத்துவதற்கு அதன்பின் பருவமே மிச்சமில்லை.

அதே பருவத்தில் ஜப்பானின் அசாடா மாவோ எதிர்த் திசையில் சென்றார். தாவல்களை அடியிலிருந்து மாற்றியமைக்க முடிவுசெய்து, அரைகுறையாக இருக்கும்போதே கிராண்ட் பிரீக்கு வந்தார்: என்.எச்.கே. கோப்பையில் எட்டாம் இடம், பாரிஸில் ஐந்தாம் இடம். நடப்பு உலகச் சாம்பியனுக்கு இது ஊர் பார்க்க நேர்ந்த அவமானம். மாஸ்கோவிலும் அவருக்கு ஆறாம் இடமே கிடைத்தது. ஆகவே போட்டியிட்டவர் எல்லாம் வென்றார் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. தகவல் கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தக் காலம் வேண்டும்.

கிம் 2011-12 பருவம் முழுவதும் விலகியிருந்தார். திரும்பியபோது செய்தது சுவையானது. 2012 டிசம்பரில், பெரும் பெயரில்லாத டோர்ட்முண்ட் போட்டி ஒன்றில் ஆடினார். உலகப் போட்டியில் நுழையக் குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண் தேவை என்ற விதிதான் அவரை அங்கே அனுப்பியது. விதி கட்டாயப்படுத்தியதால் வந்த வெள்ளோட்டம் என்றாலும், வெள்ளோட்டம் வெள்ளோட்டம்தான். 201.61 புள்ளிகள், நெடுநிகழ்ச்சியில் பிழைகள், கையில் இரு விவரத்தாள்கள். ஜனவரியில் கொரியத் தேசியப் போட்டி. மார்ச்சில் கனடாவின் லண்டன் நகரில் 218.31 எடுத்து, இரண்டாம் இடம் பெற்ற கரோலினா கோஸ்ட்னரை 20 புள்ளிக்கு மேல் பின்தள்ளினார். கிராண்ட் பிரீயை 2010-11 பருவத்திலும் விட்டார், 2012-13 பருவத்திலும் விட்டார். வெளியிலிருந்து பார்த்தால் உத்தி ஒன்றே. ஆனால் முதல்முறை சோதிக்காமல் சுமந்துவந்ததை, இரண்டாம்முறை மூன்று மாதம் முன்பே ஒரு சிறு அரங்கில் இறக்கிவைத்துப் பார்த்துவிட்டார்.

இனி, என் வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை என்று எண்ணத்தக்கவர் ஜப்பானின் ஹன்யூ யுசுரு. 2017 நவம்பர் 9 அன்று ஒசாகாவில் பயிற்சியின்போது நான்கு சுழற்சி லட்ஸில் விழுந்து வலக் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். 99 நாள் கழித்து பியோங்சாங்கில் ஒலிம்பிக் குறுநிகழ்ச்சி ஆடும்வரை எந்தப் போட்டியிலும் இல்லை. அணிப் போட்டியையும் விட்டார். 111.68, 206.17, மொத்தம் 317.85, தங்கம். 1952-இல் டிக் பட்டனுக்குப் பின் ஆண்கள் பிரிவில் பட்டத்தைத் தக்கவைத்த முதல்வர். துருப்பிடிக்கும் கொள்கை இங்கே பொய்த்துப்போகிறது. ஆனால் அவர் எதை ஆடினார் என்று பாருங்கள். குறுநிகழ்ச்சிக்கு ஷோப்பெனின் பாலட். 2014 முதல் இரு பருவங்கள் ஆடியது. நெடுநிகழ்ச்சி 'செய்மெய்', 2015-இல் நகானோவிலும் பார்சிலோனாவிலும் அடுத்தடுத்து உலக சாதனை தந்தது. லட்ஸையும் லூப்பையும் நான்கு சுழற்சித் தாவல்களிலிருந்து நீக்கி, பழகிய சால்கோவையும் டோ தாவலையும் மட்டும் வைத்துக்கொண்டார். ஓடிப் பழகிய தேர். சோதிக்கப்படாதது என்று அவர் சுமந்துவந்தது கணுக்கால் ஒன்றை மட்டுமே.

மறுப்புகளில் இரண்டைத் தள்ள முடியாது. முதலாவது, இத்தனையும் ஒரு கைவிரலில் எண்ணத்தக்க எடுத்துக்காட்டுகள். தவிர்க்கத் துணிபவர் ஏற்கெனவே பட்டம் வென்றவர், அல்லது காயம்பட்டவர்; நடுத்தர வீரருக்கு அந்தத் தெரிவே இல்லை. அதனால் இதைப் பொதுவிதியாக்க முடியாது. அளவுகோலாக மட்டுமே முன்வைக்கிறேன்.

இரண்டாவது, 2014 சோச்சி ஒலிம்பிக். கால் எலும்புக் காயத்தால் கிம் கிராண்ட் பிரீயிலிருந்து விலகினார். டிசம்பரில் ஸாக்ரெப்பில் ஒரு சிறு போட்டி, ஜனவரியில் தேசியப் போட்டி என்று 2013-இன் வழியையே பின்பற்றினார். இரு நிகழ்ச்சிகளையும் விழாமல் ஆடினார். வெள்ளி. என் அளவுகோல்படி அவர் செய்யவேண்டியதைச் செய்திருந்தார். பின் எங்கே இடறியது?

பருவம் முழுதும் இல்லாததால் அவருடைய உலகத் தரவரிசைப் புள்ளி சரிந்திருந்தது. குறுநிகழ்ச்சியில் முன்னணியினரின் குழுக்களுக்கு முன்பே, 17-ஆவதாக ஆட நேர்ந்தது. முன்னால் ஆடுபவருக்கு நடுவர்கள் கையை இறுக்குவார்கள் என்பது இந்த விளையாட்டில் பழைய நம்பிக்கை. ஆனால் 74.92 எடுத்து அவர் முதலிடத்தில்தான் இருந்தார்; இந்தக் காரணம் நிற்காது. நெடுநிகழ்ச்சியில் ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா 149.95, கிம் 144.19. கலைக்கூறுகளில் கிம் 74.50, சோட்னிகோவா 74.41, பெரும் கூச்சல் எழுந்தது இந்த நெருக்கத்தைக் குறித்துத்தான். முன்பு கிம்மின் அருகில் வராத ஒருவர் இலையுதிர் காலத்தில் சீனாவிலும் பாரிஸிலும் வெள்ளி, ஜனவரியில் ஐரோப்பிய வெள்ளி என்று நடுவர்களின் கண்ணில் தொடர்ந்து பட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பழக்கம் மதிப்பெண்ணில் எவ்வளவு சேர்த்தது என்று பிரித்துக் காட்ட யாராலும் இயலாது; ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இடைவெளி விழுந்தது தொழில்நுட்பப் புள்ளியில். சோட்னிகோவாவின் நெடுநிகழ்ச்சியில் மூன்று சுழற்சித் தாவல்கள் ஏழு, கிம்முக்கு ஆறு. நடைவரிசையில் அவருக்கு நான்காம் நிலை, கிம்முக்கு மூன்றாம் நிலை. காயத்தால் தொடக்க மாதங்களை இழந்தவர் நிகழ்ச்சியின் சரக்கைக் கூட்டியிருக்க முடியாது என்பது புரிகிறது. ஸாக்ரெப் அவருக்குத் தகவலைத் தந்தது. அதைக் கொண்டு கட்டியெழுப்ப வேண்டிய வாரங்களைத் தரவில்லை. அசாடாவின் 2011-க்கும் கிம்மின் 2014-க்கும் இங்கே எதிர்பாராத உறவு தென்படுகிறது.

கடைசியாக, மீண்டும் ஹன்யூ. 2021-22-இல் கணுக்கால் காயத்தால் கிராண்ட் பிரீ இரண்டையும் விட்டார். டிசம்பர் தேசியப் போட்டியில் நான்கு சுழற்சி ஆக்ஸலை முயன்று இரு காலில் இறங்கினார். அதையே பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கும் கொண்டுவந்தார். குறுநிகழ்ச்சியில் பனியில் இருந்த குழியில் கத்தி பட்டு சால்கோ கெட்டது, நெடுநிகழ்ச்சியில் ஆக்ஸலில் விழுந்தார், நான்காம் இடம். சுழற்சி குறைவு என்று குறிக்கப்பட்டாலும், அது நான்கு சுழற்சி ஆக்ஸல் என்றே போட்டிப் பதிவில் முதன்முறையாக ஏறியது. ஒலிம்பிக்கையே வெள்ளோட்டமாக்கிக்கொண்ட ஒருவரை என் அளவுகோல் தோற்றவர் என்றுதான் காட்டும். அவர் தமக்கு வைத்துக்கொண்ட இலக்கு வேறு.

அந்த நான்கு சுழற்சி ஆக்ஸலை முதன்முதலில் குறையின்றி இறக்கியவர் 17 வயது இலியா மலினின். 2022 செப்டம்பரில், லேக் பிளாசிடில், பெரிய பெயர்கள் பெரும்பாலும் எட்டிப்பார்க்காத ஒரு பருவத் தொடக்கப் போட்டியில்.