கற்றோரும் ஊராரும் கூடிப் பழகிய கூத்து

கூத்து என்பது ஒருவனால் ஆவதன்று. ஆடுவோன், பாடுவோன், மத்தளம் கொட்டுவோன், தாளமிடுவோன், ஏடு பார்ப்போன், இருந்து காண்போன் ஆகிய அனைவரும் ஒருங்கு கூடினாலன்றி அது நிறைவுறாது. ஆதலின், ஒரு கூத்து அரங்கேறிய வரலாற்றினும் அது பழகப்பட்ட வரலாறே மக்களின் ஒற்றுமையை நன்கு விளக்கவல்லது. நம் இளைஞர் ஆண்டுவிழாக்களில் நாடகம் ஆடுவதில் ஊக்கமுடையவராதலின், ஈழநாட்டில் மாணவரும் ஊர்க் கலைஞரும் ஒன்றுகூடிக் கூத்துப் பழகிய செய்தியை ஈண்டு எடுத்துரைத்தல் பயனுடைத்தாம்.

மட்டக்களப்பு நாட்டில் வடமோடி, தென்மோடி என இருவகைக் கூத்துக்கள் வழிவழியாக வழங்கி வருகின்றன. இவற்றுள் வடமோடி பெரும்பாலும் பாரத இராமாயணப் போர்க்கதைகளைப் பொருளாக உடையது. கூத்தைப் பயிற்றும் ஆசானை அண்ணாவியார் என்பர். ஊரார் ஒரு கதையைத் தேர்ந்து, அவரவர் குரலுக்கும் உடற்கட்டுக்கும் ஏற்ப வேடம் வகுத்து, உரிய பாடற் பகுதிகளை வழங்குவர். இதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். அதன்பின், பகலெல்லாம் உழைத்தவர் இரவில் கூடி மாதக்கணக்காகப் பழகுவர். கிழமைதோறும் பழகியதை ஆடிப் பார்ப்பது கிழமைக் கூத்து. கால் தாளத்தில் நிலைத்த பின்னர்ச் சதங்கை அணிவிக்கும் விழா நிகழும். அடுக்குப் பார்த்தலும் முடிந்த பின்னரே வட்டக்களரியில் அரங்கேற்றம். அது விடியுமளவும் நடைபெறும். பழகுங் காலத்தில் பெரியோர் அருகிருந்து பிழை திருத்துவர். சிறுவர் சூழ நின்று பார்த்தே பாதிக் கூத்தைக் கற்றுவிடுவர்.

இத்துணைச் சிறந்த கலையை ஆங்கிலக் கல்வி பெற்றோர் பலர் பாமரர் ஆட்டமென்று இகழ்ந்து ஒதுக்கினர். அண்ணாவியார் ஒருவர் மறைந்தால், அவர் நெஞ்சிலும் கைகளிலும் நின்ற தாளக்கட்டுக்களும் அவருடனே மறையும். இவ்விழப்பை உணர்ந்தவருள் தலைசிறந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஆவர். அவர் ஊர் ஊராகச் சென்று கூத்துக்களைக் கண்டு, அண்ணாவிமாரைப் போற்றி, அலங்காரரூபன் நாடகம் முதலிய பழைய ஏடுகளை அச்சேற்றினார்.

அவர் ஆசிரியராக இருந்த பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முன்னரே ஒரு நல்வழி பிறந்திருந்தது. சரச்சந்திரர் 1956-ஆம் ஆண்டில் 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தை மாணவரைக் கொண்டு அரங்கேற்றினார். நாடகம என்னும் கிராமியக் கூத்தில் வல்ல குணசிங்க குருன்னான்சே என்பார் அதற்கு ஆசானாய்த் துணைபுரிந்தார். அந்நாடகமதானும் தமிழ்க் கூத்தின் வழித்தோன்றியதே என்பது கருதத்தக்கது.

வித்தியானந்தனாரும் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைத் துணைக்கொண்டு மாணவர்க்குக் கூத்துப் பயிற்றுவித்தார். இங்கே முறை தலைகீழாயிற்று! பட்டம் பெறவிருந்தோர் மாணாக்கராகவும், பட்டம் எதுவும் பெறாதவர் ஆசிரியராகவும் நின்றனர். மட்டக்களப்பினின்றும் வந்த மாணவர் சிலர்க்குக் கூத்துச் சிறுபருவம் முதலே பழக்கம். ஏனையோர்க்கோ தாளத்தோடு அடியெடுத்து வைத்தலே புதிது.

மேடையும் புதிதே. ஊரில் நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருப்பர். நகர அரங்கிலோ ஒருபுறமே இருப்பர். ஆதலின் வட்டமாய்ச் சுழலும் ஆட்டங்களை அவையோர் முகம் நோக்கி அமைக்க வேண்டியதாயிற்று. இராமுழுதும் ஆடுங் கூத்தைச் சிறு பொழுதிற்குள் அடக்க வேண்டியதாயிற்று. எதைச் சுருக்கலாம், எதைத் தொடலாகாது என்பதைப் பேராசிரியரின் நாடக அறிவும் அண்ணாவியாரின் மரபறிவும் கூடியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் இருந்திருப்பின், கூத்து உயிரிழந்திருக்கும். அன்றேல் நகர அரங்கினை எய்தாதிருக்கும்.

இங்ஙனம் 1962-இல் கர்ணன் போரும், 1963-இல் நொண்டி நாடகமும், 1964-இல் இராவணேசனும், 1966-இல் வாலி வதையும் அரங்கேறின. இராவணேசனை எழுதி இராவணனாக ஆடியவர் அக்காலத்தில் மாணவராயிருந்த சி. மௌனகுரு ஆவர். அவரே 1969-இல் சங்காரம் என்னும் நாடகத்தில், சமூகத்தைப் பிரிக்கும் பேதங்களை உழைப்போர் வெல்லுதலை வடமோடி ஆட்டத்தாற் காட்டினார். அரசர் கதை பாடிய கூத்து, சாதிப் பிரிவின் கொடுமையையும் பாடவல்லதென்பது அதனால் விளங்கிற்று.

இம்முயற்சியைக் குறை கூறினாரும் உளர். ஊராரிடமிருந்து கூத்தை எடுத்து நகரத்தார்க்கு அழகு செய்து கொடுத்தனரேயன்றி, ஊர்க்கு மீண்டது யாது என்று அவர் வினவினர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்கு விடைபோல, 2000-க்குப் பின்னர் மட்டக்களப்புச் சீலாமுனையில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் ஊராரிடமே சென்றனர். ஊரார் தாமே கூடிக் கதையையும் பாத்திரங்களையும் ஆராய்ந்து, தம் களரியிலேயே பழகி ஆடினர். முன்னர் ஊர் கல்விச்சாலைக்குச் சென்றது. பின்னர்க் கல்விச்சாலை ஊருக்கு வந்தது. இரண்டும் வேண்டப்படுவனவே.

அன்பர்களே, நம்மிடையே பாட்டும் வாத்தியமும் கைவந்த முதியோர் உளர். கல்லூரியிற் பயிலும் பிள்ளைகளும் உளர். விழாவிற்கு முதல்நாள் அவசரமாய்க் கூடி வசனம் ஒப்பித்தலால் ஆவதொன்றில்லை. சில திங்கள் முன்னதாகவே இருசாராரும் ஓரிடத்தமர்ந்து பழகல் வேண்டும். நாடகம் ஓரிரவில் முடிந்துவிடும். பழகிய காலத்துப் பெற்ற நட்பும் கல்வியும் நெடுநாள் நிற்கும்.

செல்லையா அண்ணாவியாரின் ஊராகிய வந்தாறுமூலையில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் விளங்குகின்றது. மௌனகுரு பின்னாளில் அங்கே நுண்கலைப் பேராசிரியராயிருந்து மாணவர்க்குக் கூத்துப் பயிற்றினார். பெரியோரிடம் அமர்ந்து கற்றவரே பின்னர்ப் பிறர்க்குக் கற்பிப்பவராதலை நம் பெற்றோரும் பிள்ளைகளும் உளங்கொள்வாராக.