ஒரே உடம்பில் நாலு நோய்

மும்பைத் தமிழர் வீடுகளில் இன்று பூஜை அலமாரிக்கு அடுத்தபடி மரியாதையோடு வைக்கப்படுவது மாத்திரை டப்பா. மாட்டுங்கா மாமி வீடானாலும் சரி, தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பாட்டி வீடானாலும் சரி, காலையில் மூன்று, மதியம் ஒன்று, ராத்திரி இரண்டு என்று ஒரு கணக்கு இருக்கும். சுகர், பிரஷர், முட்டுவலி, கொஞ்சம் ஹார்ட், எல்லாம் ஒரே ஆளுக்கு! இப்படி நாள்பட்ட நோய்கள் பல ஒரே உடம்பில் குடியேறுவதைப் 'பன்னோய் நிலை' என்று சொல்லலாம். இப்படிப்பட்டவரைப் பார்க்கும் வித்தையை நம் மருத்துவ மாணவர்களுக்கு எப்போது, யார் சொல்லிக் கொடுத்தார்கள்? செம்பூரில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளினிக் நடத்தியவன் என்ற முறையில், அந்தச் சரித்திரத்தை இம்மலரின் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மாணவனை நோயாளியின் கட்டிலருகே நிறுத்திப் பாடம் சொல்லும் முறை ஐரோப்பாவில் முன்பே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஆஸ்லர் அதை உறுதியாக நிலைநாட்டினார். மிக நல்ல முறை. ஆனால் அதனோடு ஒட்டிக்கொண்டு ஒரு பழக்கமும் வந்தது: எத்தனை அறிகுறி இருந்தாலும் அத்தனையையும் விளக்கும் ஒரே நோயைக் கண்டுபிடி என்பது. இருபது வயதுப் பையனுக்குக் காய்ச்சல், மூட்டு வீக்கம், இதயத்தில் முணுமுணுப்பு என்றால், மூன்றுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்ற ஒரே விடை பொருந்தும். எழுபது வயதுக்காரருக்கு இது எடுபடாது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ஜான் ஹிக்கம் என்பவர், நோயாளி தன் இஷ்டத்துக்கு எத்தனை நோய் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று வேடிக்கையாகச் சொன்னதாக மருத்துவர்கள் நினைவுகூர்வதுண்டு. யேல் பல்கலைக்கழகத்து ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1970ல் இதற்குக் 'கோமார்பிடிட்டி' என்று பெயர் வைத்தார். அந்த வார்த்தை நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர ஐம்பது வருஷம் ஆயிற்று. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட பிறகு, சுகரும் பிரஷரும் இருந்த பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது பத்திரிகைகள் இந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்ப எழுதின.

நான் படித்த காலத்தில் பரீட்சைக்கு 'லாங் கேஸ்' என்று ஒன்று உண்டு. ஒரு நோயாளியை மாணவனிடம் கொடுத்து, ஒரு மணி நேரம் விசாரிக்கச் சொல்வார்கள். ஆசிரியர்கள் தேடிப் பிடிப்பது 'நல்ல கேஸ்'. அதாவது இதய வால்வு சுருங்கியவர், மண்ணீரல் வீங்கியவர். நாலு வியாதியோடு மூலையில் இருமிக்கொண்டு கிடக்கும் தாத்தா எந்தப் பரீட்சைக்கும் வரமாட்டார். "அவரு கேஸ் இல்லப்பா, குழப்பம்" என்பார் சீனியர். வெளியே வந்து கிளினிக் வைத்தால், முதல் நாளே வரிசையில் நிற்பவர் அந்தக் குழப்பம்தான்.

இந்தத் தாத்தாக்களை முதலில் ஒழுங்காகப் பார்த்தவர் லண்டனில் ஒரு பெண்மணி. 1935ல் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்து ஏழையர் விடுதியின் நோயாளிகள் 714 பேரைத் தன் பொறுப்பில் ஏற்றது. வருஷக்கணக்கில் படுக்கையிலேயே போட்டு வைக்கப்பட்டிருந்தவர்கள். டாக்டர் மார்ஜரி வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்து, என்னென்ன நோய், எதைச் சரிசெய்ய முடியும், யார் எழுந்து நடக்க முடியும் என்று பிரித்தார். பலர் வீடு திரும்பினார்கள். மருத்துவ மாணவர்கள் இந்த வார்டுகளில் கட்டாயம் படிக்க வேண்டும் என்று 1940களிலேயே எழுதினார்.

இந்தியாவில் இந்த விதையை ஊன்றியவர் தமிழர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. இங்கிலாந்தில் முதியோர் மருத்துவம் பயின்று திரும்பிய டாக்டர் வி.எஸ். நடராசன், 1978ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 1988ல் தனி வார்டு வந்தது. 1996ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. பட்டப்படிப்பு, நாட்டிலேயே முதலாவதாக. 2012ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 1978லிருந்து 1996 வரை பதினெட்டு வருஷம்! ஒரு புதுத் துறை பாடத்திட்டத்தில் இடம் பிடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும், பாருங்கள்.

ஆனால் இது முதுமையின் வியாதி மட்டும் என்று நினைத்தால் தாராவி புரியாது. ஸ்காட்லாந்தில் சுமார் பதினேழரை லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2012ல் வெளியான ஆய்வு ஒன்று, மிக வறிய பகுதிகளில் பன்னோய் நிலை, வசதியான பகுதிகளைவிட 10 முதல் 15 வருஷம் முன்னதாகவே வருகிறது என்று காட்டியது. கும்பர்வாடாச் சூளைப் புகை, பிளாஸ்டிக் உருக்கும் பட்டறை, காற்றோட்டமில்லாத ஒற்றை அறை இவற்றை அறிந்த எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நாற்பத்தைந்து வயதில் சுகரும் காசநோயும் சேர்ந்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். சுகர் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துக் காசநோய்க்கு வழி விடுகிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், சில சுகர் மாத்திரைகளைக் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடும்படி செய்கிறது. தனித்தனிப் புத்தகத்தில் தனித்தனிப் பாடமாகப் படித்தவனுக்கு இது எப்படித் தெரியும்? காசநோயாளிகள் எல்லோருக்கும் சுகர் பரிசோதிக்க வேண்டும் என்று தேசிய அளவில் வழிமுறை வகுக்கப்பட்டது 2017ல்தான்.

மாத்திரையே நோயாவதும் உண்டு. பிரஷருக்கு அம்லோடிபின் கொடுத்தால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வேறொரு டாக்டர் அதைப் புது வியாதி என்று எண்ணி நீர் பிரியும் மாத்திரை எழுதுவார். பாட்டி ராத்திரி நாலு தடவை எழுந்து போவாள், ஒரு தடவை வழுக்கி விழுவாள். நம்மைப் போன்ற குடிபெயர்ந்த குடும்பங்களில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஆறு மாசம் செம்பூரில் மகன் வீட்டிலும், ஆறு மாசம் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரிலும் இருப்பார். ஒரு நாள் தலைசுற்றி விழுந்தார். பையைக் கொட்டச் சொன்னேன். ஊர் டாக்டர் எழுதிய மாத்திரையும் இங்கத்தவர் எழுதியதும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்து. "டப்பா கலர் வேறயா இருந்துச்சு, அதான் ரெண்டையும் போட்டுக்கிட்டேன் தம்பி" என்றார்.

மாணவர்களை இந்த நிஜத்துக்கு அழைத்துவர ஆரம்பம் முதலே முயற்சிகள் இருந்தன. 1946ல் போர் குழு, சமூகத்தை அறிந்த மருத்துவன் வேண்டும் என்று சொல்லி, அதற்கு மூன்று மாதப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. 1964ல் சயான் மருத்துவமனையில் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, அதன் நகர்ப்புற சுகாதார மையம் தாராவியிலேயே அமைந்தது. மக்கள் அதை 'சோட்டா சயான்' என்பார்கள். அங்கே பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர் பார்ப்பது ஒரு நோயை அல்ல, ஒரு வீட்டை. மாமியாருக்கு சுகர், மகனுக்குக் காசநோய், இருவருக்கும் ஒரே அடுப்பு, ஒரே சம்பளம். 2019ல் அறிமுகமான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் பொது மருத்துவத்துக்குள் முதியோர் மருத்துவத்தைத் தனித் தலைப்பாகவே சேர்த்தது. அதன்பின் தேசிய மருத்துவ ஆணையம், மாணவர்கள் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலத்தில் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தையும் கொண்டுவந்தது. ஏட்டில் நன்றாகவே இருக்கிறது. பரீட்சையில் அந்தத் தாத்தாவை மாணவன் முன் உட்கார வைத்து, "இவருடைய எட்டு மாத்திரையில் எதை நிறுத்துவாய், ஏன்?" என்று கேட்கிற நாளில்தான் நான் முழுசாக நம்புவேன்.

2024 பிப்ரவரியில் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. 200 படுக்கைகள் கொண்டது. ஊருக்குப் போகும் அன்பர்கள் பெற்றோரை அங்கே காட்ட நினைத்தால், மும்பைச் சீட்டு, ஊர்ச் சீட்டு, நாட்டு மருந்துப் பொட்டலம், கடைக்காரர் கொடுத்த வலி மாத்திரை, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகவும்.